பதினோரு கிலோ குறைச்சேன், அதுல பாதி கொழுப்பே இல்ல

போன எபிசோட்ல டெஸ்க் ஜாப் பத்திப் பேசிட்டு இருக்கும்போது, போகிற போக்குல ஒரு வார்த்தை விட்டுட்டேன். "நான் ஒரு தடவை பதினோரு கிலோ குறைச்சேன், நான் பண்ண முட்டாள்தனங்கள்ல அதுவும் ஒண்ணு"ன்னு. அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி அதைப் பத்திதான். "ப்ரோ, பதினோரு கிலோ எப்படிக் குறைச்சீங்க, டயட் பிளான் அனுப்புங்க"ன்னு. முட்டாள்தனம்னு சொன்னதை யாரும் காதுல வாங்கல, பதினோரு கிலோ மட்டும்தான் கேட்டிருக்கு. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் அதுதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. பேக்எண்ட் கோட் எழுதுறவன். என் உடம்புல நானே பண்ணிக்கிட்ட தப்பையும், அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன். சுகர், கிட்னி, தைராய்டுன்னு ஏதாவது இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேட்காம எதையும் மாத்தாதீங்க.

சரி, கதைக்கு வருவோம்.

2022. வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆகியிருந்தது. அதுல ரெண்டு வருஷம் வொர்க் ஃப்ரம் ஹோம். என் உயரம் 172 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு, இன்னும் மூணு மாசம்தான் இருந்தது. போட்டோல நல்லா இருக்கணும், அவ்வளவுதான் என் நோக்கம். பக்கத்து தெரு ஜிம்ல சேர்ந்தேன். சேர்ந்த அன்னைக்கு அவங்ககிட்ட இருந்த ஒரு மெஷின்ல ஏத்தி, கையில ரெண்டு பிடியைக் கொடுத்து, ஒரு நிமிஷத்துல பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாங்க. உடம்புக் கொழுப்பு 30 சதவீதம்னு போட்டிருந்தது. அந்தப் பேப்பரை மடிச்சு பர்ஸுல வச்சேன், மறந்தும் போயிட்டேன்.

நான் பண்ணது என்னன்னா, காலையில வெறும் ஜூஸ். மதியம் வெள்ளரி, தக்காளி, கேரட். ராத்திரி ரெண்டு சப்பாத்தி, சில நாள் அதுவும் கிடையாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் ட்ரெட்மில். வெயிட் தூக்குற பக்கம் போகவே இல்ல, "வெயிட் தூக்கினா உடம்பு ஏறிடும், முதல்ல இறக்கணும்"னு ஒரு நண்பன் சொன்னான், நானும் நம்பினேன். தினமும் காலையில வெயிட் மெஷின். முதல் வாரத்துலயே மூணு கிலோ போச்சு. அந்த போதை இருக்கே! பதினோரு வாரத்துல 86-ல இருந்து 75-க்கு வந்துட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க, நானும் பெருமையா டிப்ஸ் கொடுத்துட்டுத் திரிஞ்சேன்.

கல்யாணம் திருநெல்வேலியில. மண்டபம் முதல் மாடி, லிஃப்ட் ரிப்பேர். எங்க ஆச்சிக்கு அப்போ 84 வயசு, முட்டி வலி, படி ஏற முடியாது. சின்ன உடம்புதான், நாப்பது கிலோ இருந்தா அதிகம். காலேஜ் படிக்கும்போதெல்லாம் நான்தான் ஆச்சியைத் தூக்கிட்டுப் போவேன். கோயில் படியோ, பஸ்ஸோ, "ஏ ராசா, வந்து தூக்குல"ன்னு கையை நீட்டும். அன்னைக்கும் நீட்டுச்சு. தூக்கினேன். ஏழெட்டு படி ஏறியிருப்பேன், கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. தொடை உதறுது. ஆச்சி என் முகத்தைப் பார்த்துட்டு, "விடுல, இறக்கி விடுல, ரெண்டு பேரும் விழுந்துருவோம்"னு சொல்லுச்சு. படியிலேயே உட்கார வச்சுட்டேன். அப்புறம் பெரியப்பா பையன் வந்து தூக்கிட்டுப் போனான். அவனுக்குத் தொப்பை இருக்கு, என்னைவிட பதினஞ்சு கிலோ அதிகம். அலுங்காம தூக்கிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் ஆச்சி தவறிப்போச்சு. அதுக்கப்புறம் என்னைத் தூக்கச் சொல்லி ஆச்சி கேட்கவே இல்ல. நான் இதை ஏன் சொல்றேன்னா, பதினோரு கிலோ குறைச்சதுக்கு எனக்குக் கிடைச்ச நூறு பாராட்டுல ஒண்ணுகூட இப்போ ஞாபகம் இல்ல. அந்தப் படிதான் ஞாபகம் இருக்கு.

சென்னைக்குத் திரும்பி வந்ததும் அதே ஜிம்ல அதே மெஷின்ல ஏறினேன். 75 கிலோ, கொழுப்பு 27 சதவீதம். பர்ஸுல இருந்த பழைய பேப்பரை எடுத்து வச்சு, பக்கத்துல கணக்குப் போட்டேன். முன்னாடி 86 கிலோவுல 30 சதவீதம், அதாவது 25.8 கிலோ கொழுப்பு. இப்போ 75 கிலோவுல 27 சதவீதம், 20.3 கிலோ. போன கொழுப்பு ஐந்தரை கிலோ. அப்போ மீதி ஐந்தரை கிலோ? அது கொழுப்பு இல்ல. தண்ணியும் தசையும்.

அந்த மெஷின் துல்லியமானது இல்ல, அதை அப்புறம் சொல்றேன். ஆனா என் கை நடுங்கினதும் அந்தக் கணக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுச்சு.

நம்ம பாஷையில சொன்னா, சர்வர்ல டிஸ்க் நிறைஞ்சிடுச்சுன்னு அலாரம் வருது. நான் என்ன டெலிட் ஆகுதுன்னே பார்க்காம, இடம் காலியாகுதா இல்லையான்னு மட்டும் பார்த்துட்டு இருந்திருக்கேன். பழைய லாக் ஃபைல் பாதி போயிருக்கு, டேட்டாபேஸ் பாதி போயிருக்கு. டேஷ்போர்டுல பச்சை லைட்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். எடைன்னா என்ன? மெஷின் மேல நிக்கிற எல்லாம் எடை. எலும்பு, தசை, ரத்தம், கொழுப்பு, குடல்ல இருக்கிற நேத்து சாப்பாடு, குடிச்ச தண்ணி எல்லாம் சேர்த்து ஒரே நம்பர். இதுல ஒரு நாள்ல ஏறி இறங்குறது பெரும்பாலும் தண்ணிதான்.

ஒரு உதாரணம் உங்க எல்லாருக்கும் தெரியும். 2024 ஆகஸ்ட், பாரிஸ் ஒலிம்பிக்ஸ். வினேஷ் போகத், 50 கிலோ பிரிவு மல்யுத்தம். முதல் நாள் காலையில எடை சரியா இருந்தது. மூணு பவுட் ஜெயிச்சு ஃபைனலுக்குப் போயாச்சு. அன்னைக்குச் சாயங்காலம் பார்த்தா லிமிட்டைவிட இரண்டரை கிலோவுக்கு மேல அதிகம். ராத்திரி முழுக்க உடற்பயிற்சி, வியர்க்க வைக்கிறது, முடியைக்கூட வெட்டிப் பார்த்தாங்க. காலையில 100 கிராம் அதிகம்னு தகுதி நீக்கம் பண்ணிட்டாங்க. நாடே அழுதது. ஆனா அந்த நம்பரை மட்டும் யோசிச்சுப் பாருங்க. ஒரே நாள்ல இரண்டரை கிலோ ஏறுது, ஒரே ராத்திரியில கிட்டத்தட்ட அத்தனையும் இறங்குது. அதுல கொழுப்புக்கு எந்த வேலையும் இல்ல. அவங்க உடம்புல இருந்த கொழுப்பு ரெண்டு நாளும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

நமக்கும் இதேதான் நடக்குது. நாம சாப்பிடுற அரிசி, கோதுமையில இருந்து வர்ற மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன்னு ஒரு வடிவத்துல தசையிலயும் கல்லீரல்லயும் சேர்த்து வைக்கும். மொத்தம் அரை கிலோ அளவுதான். ஆனா ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடயும் சுமார் மூணு கிராம் தண்ணி சேர்ந்து இருக்கும். நீங்க திடீர்னு சோறை நிறுத்தினா இது முதல்ல காலியாகும். கிளைகோஜனும் தண்ணியும் சேர்ந்தா ரெண்டு கிலோ வரைக்கும் முதல் வாரத்துலயே போயிடும். உப்பு குறைஞ்சா இன்னும் கொஞ்சம் தண்ணி போகும். என்னோட முதல் வார மூணு கிலோ ரகசியம் இதுதான். ஞாயித்துக்கிழமை ஒரு பிரியாணி சாப்பிட்டா மறுநாள் ஒன்றரை கிலோ ஏறுதே, அதுவும் இதுதான். ராத்திரியோட ராத்திரியா ஒன்றரை கிலோ கொழுப்பு சேராது. பெண்களுக்கு பீரியட்ஸ் நெருங்கும்போது ஏறுற எடையும் பெரும்பாலும் தண்ணிதான். என் தங்கச்சி மாசாமாசம் அந்த ஒரு வாரம் மட்டும் டயட்டே வேஸ்ட்டுன்னு அழுவா. இது தெரிஞ்ச பிறகு அந்த வாரம் மெஷின் பக்கமே போறதில்ல.

வியர்வை பத்தியும் சொல்லிடறேன். பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுட்டு ஓடுறாங்க இல்ல, கொழுப்பு உருகுதுன்னு. உருகல. கொழுப்பு உடம்புல எரிஞ்சு முடிஞ்சா அது கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் மாறும். 2014-ல ஆஸ்திரேலியாவுல ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன்னு ரெண்டு பேர் கணக்குப் போட்டு ஒரு மருத்துவ இதழ்ல எழுதினாங்க. 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா 8.4 கிலோ மூச்சு வழியா கார்பன் டை ஆக்சைடா வெளியே போகுது, 1.6 கிலோ தண்ணியா மாறுது. அதாவது உங்க தொப்பை பெரும்பாலும் மூக்கு வழியாதான் போகுது. ஜாக்கெட்ல ஒட்டியிருக்கிறது வியர்வை. ஒரு பாட்டில் தண்ணி குடிச்சா அது திரும்ப வந்துடும்.

சரி, தண்ணி போனா போகட்டும், வந்துடும். தசை போறதுதான் ஆபத்து. இங்கதான் எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப்போட்ட ஒரு கணக்கு இருக்கு. கொஞ்சம் கவனமா கேளுங்க.

ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல சுமார் 7,700 கலோரி இருக்கு. தசை அப்படி இல்ல, தசையில முக்கால் பங்கு தண்ணி. அதனால ஒரு கிலோ தசைத் திசுவுல இருக்கிற சக்தி 1,800 கலோரி அளவுக்குத்தான். இப்போ நீங்க பட்டினி கிடந்து 7,700 கலோரி பற்றாக்குறையை உண்டாக்குறீங்கன்னு வைங்க. அது முழுக்கக் கொழுப்புல இருந்து போனா மெஷின்ல ஒரு கிலோ குறையும். முழுக்கத் தசையில இருந்து போனா? நாலு கிலோவுக்கு மேல குறையும்.

நிஜத்துல ரெண்டும் கலந்துதான் போகும். ஆனா இதோட அர்த்தம் என்னன்னு பாருங்க. எவன் தசையை இழக்கிறானோ அவனுக்குத்தான் மெஷின்ல நம்பர் வேகமா இறங்கும். எவன் தசையைக் காப்பாத்திக்கிட்டு கொழுப்பை மட்டும் குறைக்கிறானோ அவனுக்கு நம்பர் ஆமை மாதிரி நகரும். அப்போ வெயிட் மெஷினை மட்டும் பார்த்து டயட் பண்றவன், தனக்குத் தெரியாமலேயே தப்பான வழியைத் தேர்ந்தெடுப்பான். ஏன்னா தப்பான வழிக்குத்தான் சீக்கிரம் கைதட்டல் கிடைக்குது. நான் பண்ணதும் அதுதான். என் அளவுகோலே என்னை ஏமாத்தியிருக்கு.

இதே கணக்கை வச்சு "10 நாள்ல 10 கிலோ" விளம்பரத்தையும் போட்டுப் பாருங்க. 10 கிலோ கொழுப்புன்னா 77,000 கலோரி. பத்து நாள்னா ஒரு நாளைக்கு 7,700. நம்மள மாதிரி உட்கார்ந்து வேலை செய்யுற ஒரு ஆம்பளை ஒரு நாள் முழுக்க செலவழிக்கிறதே 2,000-ல இருந்து 2,500 கலோரிதான். பச்சைத் தண்ணி பல்லுல படாம பத்து நாள் படுத்தாலும் அந்தக் கணக்கு வராது. அவங்க விக்கிறது தண்ணியும் தசையும் போற பேக்கேஜ்.

கல்யாணத்துக்கு அப்புறம் நான் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினேன். ஏழே மாசம், எடை 83. "பரவாயில்ல, 86-ஐ விட மூணு கிலோ கம்மிதானே"ன்னு நினைச்சேன். அப்புறம் இடுப்பை அளந்து பார்த்தேன். ஜிம்ல சேரும்போது 98 சென்டிமீட்டர். இப்போ 99. எடை மூணு கிலோ கம்மி, இடுப்பு ஒரு சென்டிமீட்டர் அதிகம்!

இதுவும் புது விஷயம் இல்ல. 1944-45-ல, ரெண்டாம் உலகப் போர் முடியிற நேரத்துல, அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி ஒரு சோதனை பண்ணார். 36 இளைஞர்கள், எல்லாரும் தானா முன்வந்தவங்க. ஆறு மாசம் அரைவயித்துச் சாப்பாடு. எடையில நாலுல ஒரு பங்கு போச்சு. அப்புறம் திரும்ப நல்லா சாப்பாடு கொடுத்தாங்க. அப்போ கொழுப்பு முதல்ல திரும்பி வந்தது, ஆரம்பத்துல இருந்ததைவிட அதிகமாவே வந்தது. தசை மெதுவா பின்னாடி வந்தது. பட்டினி கிடந்து குறைச்சுட்டுத் திரும்ப ஏத்துறவங்களுக்கு உடம்பு முதல்ல ரொப்புறது கொழுப்பு டப்பாவைத்தான். நான் என் செலவுல அதே சோதனையை ஒரு சின்ன அளவுல பண்ணியிருக்கேன்.

அந்தச் சமயத்துலதான் ஆபீஸ்ல வருஷாந்திர ஹெல்த் செக்கப். மூணு மாச சராசரி சுகரைச் சொல்ற எச்பிஏ1சி டெஸ்ட் 5.9. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் ப்ரீ-டயபடீஸ். எனக்கு அப்போ 26 வயசு.

எனக்கு அது வெறும் நம்பரா தெரியல. ஏன்னா எங்க அப்பாவுக்கு 46 வயசுல இருந்து சுகர். எங்க அப்பா குண்டு இல்ல. 168 சென்டிமீட்டர் உயரம், 65 கிலோ. கை கால் எல்லாம் ஒல்லி. சட்டை போட்டா யாரும் குண்டுன்னு சொல்ல மாட்டாங்க. "இவ்வளவு ஒல்லியா இருக்கீங்க, உங்களுக்கு எப்படி சுகர்?"னு எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. வீட்லயும் அது விதின்னுதான் விட்டுட்டோம்.

இதுக்குப் பதில் ஒரு போட்டோவுல இருக்கு. 2004-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. ரெண்டு டாக்டர்கள் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. ஒருத்தர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு, ஒரே மாதிரி 22.3. ரெண்டு பேரும் நார்மல். ஆனா உடம்புக் கொழுப்பை அளந்தா யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐ, ரெண்டு மடங்குக்கு மேல கொழுப்பு. இந்தியர்கள் உடம்பு பல பேருக்கு இப்படித்தான் இருக்கு. தசை கம்மி, கொழுப்பு அதிகம், அதுவும் வயித்துக்குள்ள, கல்லீரலைச் சுத்தி. பார்க்க ஒல்லி, உள்ளே குண்டு. அதனாலதான் உலகத்துக்கெல்லாம் 25-ல ஆரம்பிக்கிற அதிக எடை, நமக்கு 23-லயே ஆரம்பிக்குதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க.

தசை ஏன் இவ்வளவு முக்கியம்? நாம சாப்பிட்ட சோறு சர்க்கரையா ரத்தத்துல கலக்கும்போது, அதுல பெரிய பங்கை இழுத்து வச்சுக்கிற இடம் தசைதான். தசை குறைஞ்சா அந்த கோடவுன் சின்னதாகும். சரக்கு ரோட்டுலயே, அதாவது ரத்தத்துலயே நிக்கும். நான் பதினோரு கிலோ குறைச்சப்போ, சுகர் வரக்கூடாதுன்னு இருக்கிற ஒரு குடும்பத்துப் பையன், அந்த கோடவுன்ல ஒரு பகுதியை இடிச்சிருக்கேன்.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு நாலு கிலோ குறைஞ்சாரு. 65-ல இருந்து 61. ஊர்ல எல்லாரும், "என்ன அண்ணாச்சி, நல்லா மெலிஞ்சுட்டீங்க, சுகர் நல்லா கண்ட்ரோல்ல இருக்குபோல"ன்னாங்க. அவரும் சந்தோஷப்பட்டார். நான் லீவுக்குப் போயிருந்தேன். தரையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு எழுந்திரிக்கும்போது பார்த்தேன். ஒரு கை தரையில, ஒரு கை சுவத்துல, மூணாவது முயற்சியிலதான் எழுந்தார். எனக்கு மண்டபத்துப் படி ஞாபகம் வந்தது. டேப் எடுத்து இடுப்பை அளந்தேன். 93 சென்டிமீட்டர். நம்ம ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80, அதுக்கு மேல போனா கவனிக்கணும்னு கணக்கு. நாலு கிலோ போயும் வயிறு அப்படியே இருக்கு. போனது தொடை.

அவரோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "எடையைக் குறைங்கன்னு நான் சொல்லவே இல்லையே சார், வயித்தைக் குறைங்கன்னுதானே சொன்னேன்"னாரு. பத்து வருஷமா கேட்டுட்டு வந்த வாக்கியத்தை எங்க வீட்ல எல்லாரும் எடைன்னே புரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

சரி, அப்போ என்ன பண்ணணும்? மூணு விஷயம், எல்லாமே போரடிக்கிற விஷயம்.

முதல்ல, பற்றாக்குறை சின்னதா இருக்கணும். கொழுப்பு குறையணும்னா செலவழிக்கிறதைவிடக் கம்மியா சாப்பிட்டுத்தான் ஆகணும், அதுல மாத்தமில்ல. ஆனா ஒரு நாளைக்கு 300-ல இருந்து 500 கலோரி போதும். 500-னு வச்சா ஒரு கிலோ கொழுப்புக்குப் பதினஞ்சு பதினாறு நாள் ஆகும். எனக்கு இதுதான் கஷ்டமா இருந்தது, பசி கூட இல்ல.

ரெண்டாவது, புரோட்டீன். என் பழைய ஜூஸ்-வெள்ளரி டயட்ல ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு கிராம்கூட இருந்திருக்காது. இந்தியர்களுக்கு ஐசிஎம்ஆர் சொல்றதே ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். எடை குறைக்கும்போது இதைவிட அதிகமா வேணும். 2016-ல கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 40 இளைஞர்களை வச்சு ஒரு ஆய்வு. நாலு வாரம், எல்லாருக்கும் கலோரியில 40 சதவீதம் வெட்டு, எல்லாருக்கும் கடுமையான பயிற்சி. ஒரு குழுவுக்கு கிலோவுக்கு 1.2 கிராம் புரோட்டீன், இன்னொரு குழுவுக்கு 2.4 கிராம். அதிக புரோட்டீன் குழுவுக்கு 4.8 கிலோ கொழுப்பு போச்சு, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ ஏறுச்சு. மத்தவங்களுக்கு 3.5 கிலோ கொழுப்பு போச்சு, ஆனா தசை குறையல. காரணம் பயிற்சி. இப்போ இதை வெயிட் மெஷின் கண்ணால பாருங்க. ரெண்டு குழுவுக்கும் எடை குறைஞ்சது கிட்டத்தட்ட ஒண்ணுதான், மூன்றரை கிலோ சொச்சம். மெஷினுக்கு ரெண்டு பேரும் ஒண்ணு. உடம்புக்கு இல்ல.

நான் 2.4 எல்லாம் போகல. 1.5 கிராம் அளவுக்கு வச்சேன். முட்டை ஒண்ணுல ஆறு கிராம். அம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊற வச்சு சுண்டல் பண்ணா பத்து கிராம் கிட்ட வரும். மீல் மேக்கர்ல நூறு கிராமுக்கு அம்பது கிராம், விலையும் கம்மி. சிக்கன், மீன், தயிர். சோறை நான் நிறுத்தல, தட்டுல அளவை மாத்தினேன். முன்னாடி மலை மாதிரி சோறு, ஓரத்துல பொரியல். இப்போ பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி புரோட்டீன்.

மூணாவது, தசைக்கு வேலை கொடுக்கணும். உபயோகிக்காத தசையை உடம்பு வச்சுக்காது, அதைப் பராமரிக்கிறதே செலவு. வாரத்துக்கு மூணு நாள், முக்கால் மணி நேரம். ஸ்குவாட், புஷ்-அப், டம்பெல் தூக்குறது. நடக்கிறது நல்லதுதான், நிறுத்தாதீங்க. ஆனா வெறும் நடை மட்டும் தசையைக் காப்பாத்தப் போதாது.

நிறைய பேர் கேட்ட இன்னொரு கேள்வி. 2025-ல இந்தியாவுக்கு வந்த எடை குறைக்கிற ஊசிகள். அது தேவையானவங்களுக்கு நல்லா வேலை செய்யுற மருந்து, டாக்டர் எழுதிக் கொடுத்தா பயப்பட வேண்டாம். ஆனா அது குறைக்கிறது பசியை. கம்மியா சாப்பிடும்போது தசையும் சேர்ந்து போற கதை அதுக்கும் உண்டு. ஊசி போட்டாலும் புரோட்டீனும் பயிற்சியும் வேணும்னு டாக்டர்கள் சொல்றது அதனாலதான்.

எப்படி அளக்கிறது? ஜிம்ல இருக்கிற அந்த மெஷின் உடம்புக்குள்ள ஒரு சின்ன கரன்ட்டை அனுப்பி, எவ்வளவு தடை இருக்குன்னு பார்த்து, அதுல இருந்து கொழுப்பை ஊகிக்குது. ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சா மாறும், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு சொல்லும். ஒரு தடவை காட்டுற நம்பரை நம்பாதீங்க, அதே மெஷின்ல, அதே நேரத்துல, மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் போக்கை மட்டும் பாருங்க. டெக்ஸா ஸ்கேன் இதைவிட நல்லது, காசும் அதிகம். நான் சொல்றது இருபது ரூபா டெய்லர் டேப். காலையில வெறும் வயித்துல, மூச்சை இழுத்துப் பிடிக்காம, தொப்புள் மட்டத்துல. வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் எத்தனை புஷ்-அப் எடுக்க முடியுதுன்னு எழுதி வைங்க. இடுப்பு குறையுது, பலம் குறையல, அப்படின்னா போறது கொழுப்பு. இடுப்பு அப்படியே இருக்கு, பலம் குறையுது, ஆனா எடை இறங்குது, அப்படின்னா நிறுத்துங்க. எடையையும் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. ஏழு நாள் சராசரியைப் பாருங்க.

என் ரெண்டாவது ரவுண்டு பத்திச் சொல்லணும். முதல் மாசம் எடை குறைஞ்சது 400 கிராம். நானூறு கிராம்! பழைய நான் அன்னைக்கே விட்டிருப்பேன். ஆனா பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது. விடாம போனேன். பதினாலு மாசத்துல எடை 83-ல இருந்து 78. அவ்வளவுதான், அஞ்சு கிலோ. இடுப்பு 99-ல இருந்து 88. எச்பிஏ1சி 5.5. ஆபீஸ்ல யாரும் "எப்படி குறைச்சீங்க"ன்னு கேட்கல. 75 கிலோவுல இருந்தப்போ உள்ளே போகாத ஒரு பேன்ட் 78 கிலோவுல போகுது.

அப்பாவுக்கு டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிச்சோம். நாற்காலியில உட்கார்ந்து கையை ஊனாம எழுந்திரிக்கிறது, அவ்வளவுதான். முதல் நாள் நாலு தடவை. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு கையில. கிட்னி டெஸ்ட் பார்த்துட்டு டாக்டர் சரின்னு சொன்ன அளவுக்கு முட்டையும் சுண்டலும். அம்மா பக்கத்துல உட்கார்ந்து எண்ணுவாங்க. ஆறு மாசம் கழிச்சு எடை 61. ஒரு கிராம்கூட மாறல. இடுப்பு 93-ல இருந்து 89.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா அப்பாவைப் பார்த்து, "என்ன, அப்படியேதான் இருக்கீங்க, ஒண்ணும் குறையலையே"ன்னாரு. அப்பா பதில் சொல்லல. பந்தியில கீழே உட்கார்ந்து சாப்பிட்டு முடிச்சாரு. இலையை மடிச்சுட்டு, எச்சிக் கையைத் தரையில வைக்காம அப்படியே எழுந்து கை கழுவப் போனாரு. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "பார்த்தியால?"ன்னு கேட்டாரு.

பார்த்தேன்.

இன்னைக்கு அவ்வளவுதான் மக்களே. ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். நாளைக்குக் காலையில மெஷின்ல ஏறுறதுக்குப் பதிலா டேப் எடுத்து உங்க இடுப்பையும், உங்க அப்பா அம்மா இடுப்பையும் அளந்து ஒரு பேப்பர்ல தேதியோட எழுதி வைங்க. பர்ஸுல வச்சு மறந்துடாம, ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. அடுத்த வாரம் ஆன்-கால் ஷிஃப்ட்டும் தூக்கமும் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க, கொஞ்சம் கனமானதைத் தூக்குங்க.